வீட்டுக்குள் வந்த இட்டேரி

இட்டேரி நாச்சிமுத்துவின் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை. வாசல் தெளிக்க எழுந்த அவர் மனைவி தெய்வாத்தாள்தான் அதை முதலில் மிதித்தாள். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் புழுதி மெத்தென்று அமுங்கவே விளக்கைப் போட்டுப் பார்த்தாள். முன்கதவில் நுழைந்து, கூடத்தை நீளவாக்கில் கடந்து, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் புகுந்து, சமையல்கட்டை ஒட்டிப் பின்கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது அது, வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே அங்குதான் கிடந்ததைப் போல, இரண்டு வண்டித்தடங்களோடும் நடுவில் மேடேறிய புல்லோடும் நேற்றைய ஆட்டுப்புழுக்கையோடும். சுவரோரங்களில் கிளுவை துளிர்விட்டிருந்தது. டிவி மேசையின் காலில் கோவைக்கொடி ஏறியிருந்தது. தெய்வாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. நீங்க கூப்புட்டது வந்துருச்சு" என்றாள்.

அவர் கூப்பிட்டதென்னவோ உண்மைதான். செங்காட்டுப்பாளையத்திலிருந்து கரட்டடி வரைக்கும், இருபுறமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, நடுவில் மாட்டுவண்டி போகும் அகலத்தில் கிடந்த மண்பாதை அந்த இட்டேரி. பள்ளிக்கூடம் கரட்டடிப் பக்கம், பஸ் நிற்பது கரட்டடிப் பக்கம், கன்னிமார் கோயில் கரட்டடிப் பக்கம், ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் காலனிக்காரர்களுக்கு ஒன்றுமாக இருந்த சுடுகாடுகள் இரண்டும் கரட்டடிப் பக்கம். பாதையின் இருபக்கத்துக் காடுகளையும் வாங்கிப்போட்ட நூல்மில்காரர்கள், நடுவில் கிடப்பதும் தங்களுடையதுதான் என்று சொல்லி, ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவரைக் குறுக்கே எழுப்பிவிட்டார்கள். அதன்பின் எங்கே போவதென்றாலும் லாரிகள் பறக்கும் தார்ரோட்டில் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் செத்துப்போன கிட்டணக் கவுண்டரையும் தார்ரோட்டில்தான் தூக்கிப்போனார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, கடைசியாக வருகிறவர் வழிக்குக் குறுக்கே ஒரு வேலாமுள்ளை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும், போனவர் பின்னாலேயே வந்துவிடக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தார்ரோட்டில் முள்ளைப் போட்டதும் பின்னால் வந்த லாரிக்காரன் டயரைக் காட்டி இறங்கிச் சண்டைக்கு வந்தான். முள்ளை எடுத்து ஓரமாக வீசிவிட்டார்கள். கிட்டணக் கவுண்டர் எப்படியும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார் என்று அவர் மருமகள் மாசக்கணக்கில் சத்தம் போடாமல் சீரியல் பார்த்தாள்.

பந்தல் போட்டார்கள், கறுப்புக்கொடி கட்டினார்கள், மனுக் கொடுத்தார்கள், மறியலில் உட்கார்ந்து கல்யாண மண்டபத்தில் ஒரு பகல் அடைந்து கிடந்தார்கள். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற நாச்சிமுத்துவுக்கு அதிகாரிகளிடம் உட்கார்ந்து பேசத் தெரியும் என்பதால் அவர் தலைவரானார். தாலுகா ஆபீசில் நடந்த சமாதானக் கூட்டத்தில், வேறு வழியாகப் போகக்கூடாதா என்று ஒருவர் கொட்டாவியோடு கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேற வழீன்னா எங்கீங்க? எங்க ஊட்டுக்குள்ள பூந்து போகோணுங்களா?"

"போகட்டுமே, ஆருக்கென்ன நட்டம்?" என்றார் மில் மேனேஜர். சிரிப்பு எழுந்தது.

"செரி, போகட்டும்! எங்க ஊட்டுக்குள்ளயே போகட்டும்!" என்று நாச்சிமுத்து மேசையைத் தட்டினார். கோபத்தில் சொல்கிற வார்த்தைகள் திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள் ஆறிவிடும் என்பது மனிதர்களுக்குத் தெரியும். இட்டேரிக்குத் தெரியவில்லை.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் போய்விட்டது. எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார்கள். பின்கதவைத் தாண்டி இறங்கினால் துவைக்கிற கல், அதற்கடுத்து நேராகக் கன்னிமார் கோயில் வேப்பமரம். மில் சுவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. முதல் வாரம் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, சாமி படங்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் செருப்பு காலில் இருந்தது. அதற்கடுத்த வாரம், சோறு தின்றுகொண்டிருந்த நாச்சிமுத்துவின் தட்டை எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் அவரைக்காயுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

காலனிச் சனங்கள் மட்டும் முதல் இரண்டு நாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாம் நாள் மாரக்காள் வந்தாள். அறுபதைத் தாண்டியவள், நாலைந்து வெள்ளாடு வைத்திருந்தாள், அவள் வாய்க்குப் பயந்து ரேஷன் கடைக்காரர் அவளுக்கு மட்டும் சரியாக நிறுப்பார்.

"சாமி, இட்டேரி உள்ள போகுது. நாங்க இட்டேரில நடக்கறதா, இல்ல ஊட்டு வாசல்ல நிக்கறதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, ஆடு பசியில கத்துது."

எல்லோருக்கும் பொதுவான பாதை என்று பந்தலில் மைக்கைப் பிடித்துப் பேசியவர்தான் நாச்சிமுத்து. மைக்கில் சொல்வது சுலபமாக இருந்தது. இப்போது அவர் தலை ஆடியதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மாரக்காள் ஆடியதாகவே எடுத்துக்கொண்டாள்.

"அக்கட்டால நில்லுங்க சாமி, முட்டிப்போடும்" என்று சொல்லி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாராமல், ஆடுகளை ஓட்டிக்கொண்டு பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். அந்த வாரக் கடைசியில் ஒறம்பரையாக, விருந்துக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் பங்காளி ராக்கியப்பன், ஆடுகளும் மாரக்காளும் குறுக்கே போவதைப் பார்த்துவிட்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இனி இந்த மண்ணை மிதிப்பதில்லை என்றார். ஆனால் அதை மிதிக்காமல் வெளியே போக வழியில்லை. ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கம்பி இருந்தது. பிறகு அதே இட்டேரியில் நடந்துதான் போனார். அதற்கப்புறம் அந்த வகையறாவில் எந்தக் காதுகுத்துக்கும் இவர்களுக்கு அழைப்பு வரவில்லை.

தெய்வாத்தாள் வீட்டுக்குள் இருக்கிற அளவுக்குப் பாதையை இரண்டு வேளை கூட்டினாள், புழுதி பறக்காமல் நீர் தெளித்தாள். சாயங்காலம் ஆடுகளோடு திரும்பும் மாரக்காள் பின்கதவுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். "ஆத்தா, ஒரு வாய் மோரு" என்பாள். பின்தாழ்வாரத்து ஓட்டிடுக்கில் அதற்கென்று செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரை எடுத்து மோர் ஊற்றிக் கொடுப்பாள் தெய்வாத்தாள். குடித்துவிட்டு மாரக்காளே கழுவி, எக்கி, அதே இடுக்கில் செருகிவிட்டுப் போவாள். அந்த ஐந்து நிமிஷத்தில் இருவரும் ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் பேசி முடித்துவிடுவார்கள். மகளைப் பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு தெய்வாத்தாள் இவ்வளவு சிரித்து நாச்சிமுத்து கேட்டதில்லை.

அவர்தான் ஓய்ந்துபோனார். பகலில் சற்றுக் கண்ணயர்ந்தால் கட்டில் காலில் யாராவது இடறினார்கள். குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால் எதிரே பள்ளிக்கூடத்து டீச்சர். மழை பெய்த மறுநாள் கூடத்தில் சேறு என்று குறை சொன்னார்கள். "இந்த வளைவுல ஒரு லைட்டப் போட்டு உடலாமுங்க" என்றார்கள். "அந்தக் கட்டலக் கொஞ்சம் நகத்துனா என்னவாம், பெரிய கூடையோட போறவிய எப்படிப் போவாங்க?" என்று ஒருத்தி அவர் காதுபடவே இன்னொருத்தியிடம் கேட்டாள். இவையெல்லாம்கூடப் பெரிதில்லை. பந்தல் காலியாகிக்கொண்டு வந்ததுதான் அவரை அரித்தது. வழிதான் கிடைச்சிருச்சே, அப்புறம் எதுக்குங்க வெயில்ல உக்காரோணும் என்று முதலில் பெண்கள் எழுந்துபோனார்கள், பிறகு சீட்டாடுவதற்காக வந்தவர்களும் போனார்கள். நரைத்துப்போன கறுப்புக்கொடிக்குக் கீழே மத்தியான வேளைகளில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தான் எதற்காக இந்தப் பாதைக்குப் போராடுகிறோம் என்று அப்போது யோசிப்பார். டிவிஎஸ் வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் தார்ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தார். இட்டேரியில் கடைசியாக எப்போது நடந்தோம் என்பது ஞாபகத்தில் இல்லை. வீட்டுக்குள் வந்த பிறகும் அவர் அதற்குப் பக்கத்தில் இருந்தாரே தவிர அதில் நடக்கவில்லை.

வழக்கை நடத்திக்கொண்டிருந்தவன் அவருடைய அக்கா மகன், வக்கீல் சென்னியப்பன். கார்த்திகையில் ஒரு நாள் வந்து, பாதையில் ஆட்கள் போய்வருவதைப் பார்த்தபடி நின்றான்.

"மாமா, வெள்ளிக்கெழமை ஆர்டிஓ மேடம் நேர்ல பாக்க வர்றாங்க. மாத்து வழி இருக்குதுன்னு அவங்க எழுதிட்டாங்கன்னா சுவரு நின்னுரும். நம்ம கேசுக்கு எதிர்ச் சாட்சியே உங்க ஊடுதான்."

"நான் என்னடா பண்ணட்டும்?"

"கதவச் சாத்துங்க. சுவரு உழுகற வரைக்கும் சாத்தி வைங்க. சனங்க மறுபடியும் ரோட்டுல சுத்தட்டும். வலிச்சாத்தான் பந்தலுக்கு வருவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அன்று மத்தியானமே நாச்சிமுத்து இரண்டு கதவுகளையும் சாத்திப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நடுமேட்டுப் புல் தலை சாய்ந்தது. கிளுவை இலை சுருண்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் புழுதி விலகி, உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டுத் தரை தெரிந்தது. அவர் குனிந்து அதைத் தொட்டார். குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது அவருக்கு. கதவு தட்டப்பட்டது. திறந்தபோது வெளியே மாரக்காள், ஆடுகள், அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிற பெண்கள்.

"இது கேசுக்காக, மாரக்கா. கொஞ்ச நாளைக்குத்தான். சுவரு இருக்கறப்ப ரோட்டுல சுத்திப் போனீங்கல்ல, அந்த மாதிரி நெனச்சுக்கங்க."

மாரக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செவுத்துக்கு மூஞ்சி இல்லீங்க சாமி. திட்டிட்டுச் சுத்திப் போயிட்டோம். உங்களுக்கு மூஞ்சி இருக்குதே."

அவர் விலகிக்கொண்டார். ஆடுகள் உள்ளே போன சற்று நேரத்துக்கெல்லாம் புல் நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சென்னியப்பன் போனில் நெடுநேரம் பேசி, வெள்ளிக்கிழமை காலை ஒரு வேளை மட்டுமாவது பூட்டி வைப்பது என்று முடிவாயிற்று. ஒரு வேளைதானே என்று நாச்சிமுத்து எல்லோரிடமும் சொல்லி வைத்தார். எல்லோரும் சரி என்றார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாரக்காள் மோர் குடித்து, டம்ளரைக் கழுவிச் செருகி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் காலனியிலிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது.

ஆர்டிஓவின் ஜீப் வந்து நின்றபோது நாச்சிமுத்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். சாவி இடுப்பில் இருந்தது. தெய்வாத்தாள் வர மாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். ஆர்டிஓ சிறு வயசுப் பெண். தலைவலிக்காரர்களைப் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "பாதைன்னு சொன்னது இதையா?" என்று கேட்டாள்.

"இது வீடுங்க மேடம். பூட்டியிருக்குது பாருங்க" என்றான் சென்னியப்பன். மில் மேனேஜர் வாசலுக்குள் புகும் வண்டித்தடத்தைச் செருப்பு நுனியால் காட்டினார்.

அப்போது தெருமுனையில் பாடை திரும்பியது. தப்பட்டை அடித்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினார்கள். தீச்சட்டி பிடித்திருந்த மாரக்காளின் மகன் வீரக்குமார் முன்னால் வந்தான். அவன் அந்த மில்லிலேயே ஷிப்டுக்குப் போகிறவன், மேனேஜரைப் பார்த்ததும் அவன் கண் தாழ்ந்தது.

"ண்ணா, ஒரு வேளை பூட்டுறதாச் சொன்னீங்க. அம்மா கேக்கல, இன்னைக்கே கெளம்பிருச்சு" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ரொம்ப நேரம் தூக்கிட்டு நிக்கக்கூடாதுங்கண்ணா. தொறக்கறீங்களா, ரோட்டுல போகட்டுங்களா?"

சென்னியப்பன் அவர் தோளில் கைவைத்துக் காதோடு பேசினான். "மாமா, இதவிட நல்ல சாட்சி கெடைக்காது. பொணத்தத் தூக்கிட்டு லாரிக்கு நடுவுல சுத்திப் போகட்டும், மேடம் கண்ணால பாக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சா சுவரு உழுந்துரும். அந்தம்மாளுக்கும் சேத்துத்தான இந்தக் கேசு?"

அதிலும் தப்பில்லை. சுவர் விழுந்தால் எல்லோருக்கும் பாதை, என்றைக்கும் பாதை. அவருக்கு வீடு. அவர் பாடையைப் பார்த்தார். மாரக்காளின் முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, வாய் மட்டும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதைப் போலக் கொஞ்சம் திறந்திருந்தது. உயிரோடு நடக்க விட்டவளைச் சாட்சி சொல்லச் சுற்றி அனுப்புவதா? பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தரையில் கனமான எதையோ இழுக்கும் சத்தம். நின்று, மறுபடியும் இழுத்தது. தெய்வாத்தாள் தனியாளாகக் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"மாமா!" என்றான் சென்னியப்பன். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று கையிலிருந்த கேஸ் கட்டை மூடினான்.

பாடை நிலைப்படியில் இடிக்காமல் தாழ்ந்து நுழைந்தது. பீரோவையும் சாமி படங்களையும் கடந்து, கிளுவைத் துளிர்கள் இருபுறமும் உரச, பின்கதவில் இறங்கி வேப்பமரத்தை நோக்கிப் போனது. தெய்வாத்தாள் சமையல்கட்டு வாசலில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஆர்டிஓவும் கொஞ்ச தூரம் அதே வழியில் நடந்துபோய், திரும்பி வந்து, "நல்ல அகலமாத்தானே இருக்கு" என்றாள். குரலில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தாள். மேனேஜர் நாச்சிமுத்துவைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் அங்கே நிற்பதற்கு ஒன்றுமில்லாததால் நாச்சிமுத்து நடந்தார். தன் வீட்டின் முன்கதவில் நுழைந்து பின்கதவில் இறங்கி, கூட்டத்துக்குக் கடைசியில், கள்ளி நிழலில், வெறுங்காலோடு நடந்தார். புழுதி அவர் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. காலனிச் சுடுகாட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை, யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பிடி மண் போட்டார். திரும்பும்போதும் அவர்தான் கடைசியில் வந்தார். வேப்பமரத்தருகே வீரக்குமார் நின்று, வேலியிலிருந்து வெட்டிய வேலாமுள் ஒன்றை அவரிடம் நீட்டினான்.

"கடைசில நீங்கதானுங்கண்ணா வர்றீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள், வழக்கப்படி திரும்பிப் பாராமல், அவருடைய வீட்டுக்குள் நுழைந்து தெருவுக்குப் போய்விட்டார்கள். துவைக்கிற கல்லுக்கருகே, திறந்திருந்த பின்கதவுக்கு முன்னால், அவர் முள்ளோடு நின்றார். அதைக் குறுக்கே போட்டால் போதும். ஒரு சொல்லுக்கு வந்த பாதை ஒரு முள்ளுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. யாரும் குறை சொல்ல முடியாது, வழக்கம்தானே. புல் வாடும், புழுதி ஒடுங்கும், காலையில் சிமெண்டு குளிரும். கதவைச் சாத்திக்கொண்டு, என்ன குழம்பென்று கேட்க ஆளில்லாமல், அவர் சாகும்வரை தூங்கலாம். ஊர் தார்ரோட்டில் சுற்றும். கேஸ் தோற்றாயிற்று, சுவர் இனி விழாது, ஊருக்கென்று மிச்சமிருந்த வழி இதுதான். முள் கையில் உறுத்தியது. எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தச் சிமெண்டின் குளிர்ச்சிதான் முதலில் வந்தது, அதை நினைத்து அவர் தன்மேல் கசந்துகொண்டார். பிறகு முள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

தெய்வாத்தாள் தலைக்கு ஊற்றத் தண்ணீரோடு காத்திருந்தாள்.

"முள்ளப் போட்டீங்களா?"

"இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள், வேப்பமரத்தைப் பார்த்தாள், இரண்டு செம்பு தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள்.

"அப்ப வெயில் தாந்ததும் வந்துருவா" என்றாள்.

உள்ளே போனவள், ஓட்டிடுக்குப் பக்கம் போகவில்லை. அலமாரியிலிருந்து, நாச்சிமுத்து தினமும் காப்பி குடிக்கிற சில்வர் டம்ளரை எடுத்து, மோர் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பின்கதவுப் படியில் கொண்டுபோய் வைத்தாள். ஈ விழாமல் ஒரு தட்டால் மூடினாள். கதவுகள் இரண்டும் திறந்தே கிடந்தன. நாச்சிமுத்து தலையைத் துவட்டியபடி கட்டிலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இடறாமல், இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.